குரல் போன பிறகு நீ பேசியதெல்லாம்

என் எட்வின் அண்ணா,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. கிரேஸ்தான். உன்னிடம் பேச வேண்டியது நிறைய சேர்ந்துபோய்விட்டது.

உன் பழைய மாணவர்கள் உன் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். போன மாதம் சிலர் சேலையூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் உன் நாற்காலியில் மட்டும் ஒருத்தரும் உட்காரவில்லை. "ஆன்ட்டி, சாரோட பணி, அவரோட ஈடுபாடுகள் பத்தி நீங்கதான் ஒரு கட்டுரை எழுதித் தரணும்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்து எழுதினேன். "பேராசிரியர் எட்வின் தாம்பரத்தில் ஒரு கிறித்தவக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். நாடகமும் சேர்ந்திசையும் மொழி ஆய்வும் அவருடைய ஈடுபாடுகள்." இதை ஷீலா அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்கள், "இது யாரோ ஒருத்தரைப் பத்தி இருக்கு கிரேஸ். நீ அவர்கிட்டயே பேசிடேன். மத்தவங்க கேட்டுட்டுப் போகட்டும்."

அதனால்தான் இந்தக் கடிதம். யாரெல்லாமோ படிப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் நான் உன்னைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

உன் குரலில் இருந்து ஆரம்பிக்கட்டுமா? வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது?

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். குவார்ட்டர்ஸ் வீட்டில் இருந்தால் ஸ்டேஷன் ஒலிபெருக்கி சமையலறை வரைக்கும் கேட்கும். செங்கல்பட்டு வண்டி எந்த நடைமேடை, கடற்கரை வண்டி எவ்வளவு தாமதம் என்று அது சொன்னதையெல்லாம் நீ தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படியே திருப்பிச் சொல்வாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை நீ பின்கட்டில் நின்று அறிவித்ததை நம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். அப்பா உன்னை அடிக்க வந்தவர் சிரித்துவிட்டார். உன் முதல் ஆங்கிலம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல.

பதிமூன்று வயதிலேயே உனக்குக் குரல் உடைந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. சர்ச்சில் கீழ்ச்சுருதி பாட ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போகாத குறை. அதன்பிறகு கொயரில் பின்வரிசை இடது ஓரம் உன் இடம் என்று ஆகிவிட்டது. நீ வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு அடித்தளம் இல்லாத வீடு மாதிரி இருக்கும்.

நீ படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் எனக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. நீ நாடகத்துக்கு நாடகம் ராஜாவும் திருடனுமாகப் பேசிக்கொண்டிருந்தாய். நான் நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்பாய், "இன்னைக்கு என்ன வசனம் கிரேஸ்?" நான் சொல்வேன், "அதே வசனம்தான். ஆனா ஹவுஸ்ஃபுல்."

உன் வகுப்பைப் பற்றி உன் மாணவர்கள் மலரில் நிறைய எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ நாடகம் எடுக்கும் நாளில் வேதியியல் படிக்கிற பிள்ளைகள்கூட ஜன்னல் ஓரம் வந்து நிற்பார்களாம். ஒரே ஆள் நின்ற இடத்தில் நின்றபடி ஒன்பது பேராகப் பேசுவதைக் கேட்க.

இன்னொரு கிறுக்கும் உனக்கு உண்டு. பல்லாவரத்திலிருந்து படப்பை வரைக்கும் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாய். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்க அல்ல. ஆங்கிலச் சொல் நம் ஊர் வாயில் விழுந்து என்னவாக மாறியிருக்கிறது என்று பார்க்க. மெக்கானிக் ஷெட்டில் நின்று கேட்பாய், மார்க்கெட்டில் நின்று கேட்பாய். "ரிவிட்டு அடிச்சிட்டான்" என்று யாராவது சொன்னால் உன் முகம் மலர்ந்துவிடும். "இரும்புல அடிக்கிற ஆணி எப்படி ஆள் மேல வந்து இறங்கிச்சு பாத்தியா?" என்பாய். உன் துறையிலேயே சிலர், ஆங்கிலப் பேராசிரியர் ஏன் இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று முகம் சுளித்தார்கள். நீ அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கினாய். பட்டம் வாங்கிய அன்று ஆட்டோக்காரர் ஒருவர் உன்னிடம், "சார், நீங்க இவ்ளோ பட்சிகினு ஒரு நாளாச்சும் பீட்டர் வுட்டதில்லியே" என்றார். இங்கிலீஷில் அலட்டிக்கொள்ளாதவன் என்ற அந்தச் சான்றிதழைத்தான் நீ எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாய்.

அப்புறம் தொண்டை கட்டியது.

சாக்பீஸ் தூசி என்றாய். பனிக்காலம் என்றாய். அண்ணி மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சேர்ந்திசை நடத்துகிற ஆர்கனிஸ்ட் ஜெபராஜ்தான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க அடிச்சுருதி மூணு மாசமா காணோம். இது ஜலதோஷம் இல்ல. போய்க் காட்டுங்க" என்றார். அவருடைய காதுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். அவர் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பாய்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் இனி மூச்சு, பழைய குரல் திரும்பாது. நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கிளாஸ் எடுக்க முடியுமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "முதல்ல நீங்க உயிரோட இருக்கணும் சார்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம். அண்ணி உன் குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்று போனை நீட்டினார்கள். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். "அத வெச்சிக்கிட்டு நாளைக்கு நான் அதுகூடப் போட்டி போடணுமா ஷீலா?" என்றாய். நான் கீழே கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஹலோ, எக்ஸ்சேஞ்சா? கிரேஸ்னு ஒருத்தவங்க இருக்காங்களா? அவங்க அண்ணன் பேசணுமாம்."

"இருக்காங்க சார், லைன்ல இருங்க" என்றேன்.  நீ சும்மா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, "சர்க்கரை கம்மியா வாங்கிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் பழைய குரலில் போனில் எனக்குக் கிடைத்த கடைசி வார்த்தைகள் அவை. எத்தனை பெரிய வசனங்களைப் பேசிய ஆள் நீ! ஆனால் எனக்கு இதுவே போதும் அண்ணா.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நீதான் நன்றாக இல்லை.

குழந்தைகள் எழுதி அழிக்கிற மேஜிக் ஸ்லேட் ஒன்றை அண்ணி வாங்கிவந்தார்கள். தண்ணீர், மருந்து, ஃபேன் என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவாய். கழுத்துத் துளையை மறைக்கிற துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்திருப்பாய். சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றாய். உன் மாணவர்கள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னாய். ஒருநாள் நாங்கள் மறுபடி சர்ச்சுக்குக் கூப்பிட்டது உனக்குப் பிடிக்கவில்லை, ஸ்லேட்டைச் சுவரில் வீசி எறிந்தாய். அண்ணி உடைந்த ஓரத்தை டேப் போட்டு ஒட்டியபடி, "எறிங்க, பரவாயில்ல. இதாவது சத்தமா இருக்கு" என்றார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு மூன்று பேரும் அழுதோம். உன் அழுகைக்கு மட்டும் சத்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். சின்ன டார்ச்லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயசைத்தால் அது பேசும். பேசும் என்றால், வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே சுருதியில். முதல்முறை நீ "ஷீலா, காபி" என்றதும் எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தது. அன்றைக்கே அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய். ஒன்பது பேராகப் பேசியவனுக்கு இந்த ஒற்றைச் சத்தம் எப்படிப் பொறுக்கும்? எனக்கு அது புரியாமல் இல்லை.

அப்போதுதான் கன்னியம்மா வந்தாள்.

செக்கப்புக்காக ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நீயும் நானும். வரிசையில் ஒரு ஆள் முன்னால் நுழைந்தார். உடனே நம் பின்னாலிருந்து அந்தத் தகர டப்பா வண்டுச் சத்தம், ஆனால் வராந்தா முழுக்க எதிரொலிக்கிற மாதிரி.

"யோவ்! இன்னா, நாங்கல்லாம் சும்மா குந்திகினு கீறோம்னு நெனச்சியா? பின்னால போய்யா!"

எல்லோரும் திரும்பினார்கள். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கழுத்தில் உன்னைப் போலவே துணி, கையில் உன்னுடையதைப் போலவே கருவி. அந்த ஆள் பின்னால் போய்விட்டார். அவள் உன் கழுத்தைப் பார்த்தாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா சார், உனுக்கும் எடுத்துட்டாங்களா? எப்போ?"

நீ ஸ்லேட்டை எடுத்து எழுதி அவளிடம் நீட்டினாய். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எனுக்கு எழுத்து தெரியாது. பேசு."

நான் எழுதியதைப் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "நீ இரும்மா. அவரு பேசட்டும். மிஷினு குடுக்கல?"

அண்ணி அன்று காலை உன்னைக் கேட்காமலேயே அந்தக் கருவியை உன் பையில் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் நீ பையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் எடுத்தாய். கழுத்தில் வைத்தாய். வராந்தாவில் அத்தனை பேர் இருக்க, "என் பேரு எட்வின்" என்றாய்.

"நல்லாத்தான கீது!" என்றாள் அவள். "இத இன்னாத்துக்குப் பொட்டில போட்டு வெச்சிகினு கீறே?"

நீ சிரித்தாய் அண்ணா. சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. அதன்பிறகு டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசினீர்கள். அவள் மார்க்கெட்டில் எப்படிக் கூவி விற்கிறாள் என்று கேட்டாய். "கூவுறது இன்னாத்துக்கு? இந்த மிஷின் சத்தத்துக்கே நாலு பேரு இன்னான்னு திரும்புறான். திரும்புனா மீனக் காட்டிடுவேன்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ அவள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக அந்தக் கருவியில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் நம்மையே பார்த்துக்கொண்டு வந்தார். நீ கண்டுகொள்ளவில்லை. உன் பழைய கிறுக்கு திரும்பிவந்ததை அன்றைக்குப் பார்த்தேன். கர்த்தருக்கு அங்கேயே நன்றி சொன்னேன்.

மறுவாரம் நீ கல்லூரிக்குப் போகிறேன் என்றாய்.

நான் வேண்டாம் என்றேன், நினைவிருக்கிறதா? விருப்ப ஓய்வு வாங்கிக்கொள் என்றேன். உன்னைப் பார்த்து யாராவது சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்றேன். நீ சொன்னாய், "சிரிக்கப் போறாங்கதான். உன்னால தாங்க முடியலன்னா நீ வராத." ஆனால் டீச்சரான அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். கூட வர ஆள் வேண்டும். நான்தான் வந்தேன்.

உன் துறைத் தலைவர் நல்ல மனுஷர். நூலகப் பொறுப்பு தருகிறோம், சம்பளம் பதவி எதுவும் மாறாது, உடம்பு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். நீ கருவியை எடுத்து, "சார், நான் வாத்தியார்" என்றாய். அவர் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால், "பிள்ளைங்களுக்குப் புரியுமா எட்வின்? பரீட்சை இருக்கே அவங்களுக்கு" என்றார். நியாயமான கேள்விதான். "ஒரு செமஸ்டர் குடுங்க. புரியலன்னு அவங்க சொன்னா நானே நூலகத்துக்குப் போயிடறேன்" என்றாய்.

முதல் வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நீ மேடையில் ஏறி, கருவியை வைத்து வணக்கம் சொன்னாய்.  பிறகு நடு பெஞ்சிலிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. 

நீ அந்தப் பக்கம் திரும்பினாய். "சிரிங்க, பரவாயில்ல. கண்ணாடி முன்னாடி நின்னு முதல்ல சிரிச்சவன் நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். இந்தமுறை வகுப்பே சிரித்தது, நீயும் தோளைக் குலுக்கிச் சிரித்தாய். அதோடு அந்தப் பயம் வகுப்பை விட்டுப் போய்விட்டது.

அப்புறம் நீ சொன்னதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். "இத்தனை வருஷமா எல்லாப் பாத்திரத்தையும் நானே பேசிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. இனிமே நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்."

ஒவ்வொருவராக எழுப்பினாய். ராஜாவை யாரோ, வேலைக்காரனை யாரோ, ராணியை ஒரு பெண். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவளாம், அதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லையாம். எழுந்து நின்று தடுமாறினாள். நீ அவசரப்படுத்தவில்லை. "என் குரலைவிட உன் குரல் நல்லாத்தான் இருக்கு, தைரியமாப் படி" என்றாய். அவள் படித்தாள். ஜன்னல் ஓரத்தில் வந்து நின்றவர்கள் அன்றைக்கு ஒரே ஆளைக் கேட்க வரவில்லை.

செமஸ்டர் முடிந்தபோது நூலகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரின்சிபால் உன்னைக் கூப்பிட்டு அடுத்த வருஷக் கால அட்டவணையைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். வகுப்பு நடுவில் பேட்டரி தீர்ந்தால் முன் பெஞ்சுப் பிள்ளைகளே மாற்றிக் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். பிற்பாடு நீ துறைத் தலைவரும் ஆனாய். பதவியேற்பு அன்று நீ பேசிய பேச்சுதான் அந்தக் கல்லூரியிலேயே சுருக்கமானது என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அண்ணா, உன் பணி வாழ்க்கையில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் கல்லூரியைச் சொல்லமாட்டேன். நம் சர்ச் ஹாலில் நடந்த சனிக்கிழமைகளைச் சொல்வேன்.

நீயும் கன்னியம்மாவும் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். ஆட்டோ ஓட்டுகிற பாஸ்கர், குன்றத்தூர் மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த பெரியவர், அப்புறம் இன்னும் சிலர். எல்லோருக்கும் கழுத்தில் துணி, கையில் கருவி. பேசிப் பழகுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான் என்றாய். ஆனால் உனக்கு நாடகப் பைத்தியம் விடுமா? வேளச்சேரி ரோட்டில் பிரேக்டவுன் ஆகி நின்றுபோன பஸ்ஸில் பயணிகள் ஆளாளுக்குச் சண்டை போடுவது மாதிரி ஒரு நாடகம் எழுதினாய். அவர்கள் பேசுகிற அவர்கள் பாஷையிலேயே. கன்னியம்மா படிக்கத் தெரியாததால் வசனத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தாள். செய்துவிட்டு உன் கல்லூரி மேடையில் உன் வசனத்தில் பாதியைத் தூக்கி எறிந்து, கண்டக்டரைத் தன் சொந்த வார்த்தையில் வெளுத்து வாங்கினாள். கல்லூரி அரங்கமே எழுந்து நின்றது. திரைக்குப் பின்னால் நீ என்னிடம், "என்னோடதைவிட அவ எழுதினது நல்லா இருக்கு" என்றாய்.

அந்த ஹாலில் நான் டீ போட்டேன், நாற்காலி அடுக்கினேன். டெலிபோனில் எத்தனையோ லட்சம் குரலைக் கேட்டவள் நான். ஒரே மாதிரிச் சத்தம் என்று முதலில் நினைத்த அந்தக் கருவிகளுக்குள்ளே யார் கோபமாக இருக்கிறார்கள், யார் அழுகையை அடக்குகிறார்கள் என்று பிரித்துக் கேட்க எனக்கு அங்கேதான் காது வந்தது. அதற்காக உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்கு இன்னும் நிறைய வருஷம் கிடைத்தது. ஓய்வு பெற்றாய், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாய், பெயர்ப்பலகை பார்த்து நடந்தாய். போன வருஷம் ஒரு காலையில் தினத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே இதயம் நின்று போய்விட்டாய். அண்ணி காபியோடு வந்தபோது நீ தூங்குகிற மாதிரி இருந்தாயாம். வலியில்லாமல் போனாய் என்று டாக்டர் சொன்னார். அதை நம்பித்தான் இருக்கிறோம்.

உன் அடக்க ஆராதனையைப் பற்றி உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான்தானே சொல்ல வேண்டும்.

சர்ச் நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் ஆட்கள். உன் சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் வந்திருந்தது. கன்னியம்மா வெள்ளைப் புடவையில், தலையில் பூ இல்லாமல் வந்தாள். நேராக ஆர்கனுக்குப் பக்கத்தில் போய் ஜெபராஜிடம் சொன்னாள், "வாத்தியாரு எந்த எடத்துல நின்னு பாடுவாரு? காட்டு. நாங்க நிக்கிறோம்."

ஜெபராஜுக்குப் புரியவில்லை. "பாடப் போறீங்களாம்மா?"

"பாட்டெல்லாம் வராது எங்களுக்கு. சத்தம் வரும். அந்தச் சத்தத்த குடுக்குறோம். அவரு எடம் காலியா இருக்கக்கூடாது."

கொயர் பின்வரிசை இடது ஓரத்தில் அவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் கருவியின் குமிழைத் திருகி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். ஜெபராஜ் ஆர்கனில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அந்தச் சுருதியைத் தேடினார். கண்டுபிடித்ததும் பாட்டின் சுருதியையே அதற்கு மாற்றினார். கொயர் பாட ஆரம்பித்தது. அதற்கு அடியில், விடாமல், சுருதிப் பெட்டி மாதிரி அந்த ஒற்றைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதன் மேல்தான் நின்று பாடினோம். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அழவில்லை.

உனக்குக் கேட்டதா அண்ணா?

அதற்குப் பிறகு ரெண்டு சனிக்கிழமை ஹால் பூட்டிக் கிடந்தது. அப்புறம் பாஸ்கர் ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "அக்கா, சாவி உங்ககிட்டதான கீது? ஏறுங்க" என்றார். போனேன். நான் எப்படி நடத்துவது, எனக்குத்தான் குரல் இருக்கிறதே, உங்கள் கஷ்டம் எனக்கென்ன தெரியும் என்றேன். கன்னியம்மா சொன்னாள், "ஒருத்தியாச்சும் போன்ல பேச வேணாமா? ஆஸ்பத்திரிக்கு, பேட்டரி கடைக்கு, வூட்டு ஆளுங்களுக்கு? நீ பேசு. மத்தது நாங்க பாத்துக்கிறோம்." பேசத்தான் எனக்குத் தெரியும். அதனால் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணாம், நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறதுதான் வேலை. வருகிற புதன்கிழமை குரல்வளை எடுக்கிற ஆபரேஷன். யாரையும் பார்க்கமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாளாம். வர முடியுமா என்று கேட்டார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம், நானும் கன்னியம்மாவும். முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் ஆட்களைத் தேடிப் போவோம். இனிமேல் அதற்கு முன்னாலேயே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கன்னியம்மா அந்தப் பெண்ணுக்குக் கொடுவா மீன் குழம்பு வைத்து எடுத்துவருகிறாள். மூக்கு வழி மூச்சு நின்றுவிட்டால் இனி வாசனை தெரியாது, அதற்கு முன்னாலேயே வாசம் பிடித்துச் சாப்பிடட்டும் என்கிறாள். நான் அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அவள் யாருக்கெல்லாம் பேச வேண்டுமோ அத்தனை பேருக்கும் போன் போட்டுக் கொடுப்பேன். திட்ட வேண்டுமானால் திட்டட்டும், பாட வேண்டுமானால் பாடட்டும். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. எனக்குக் காது கேட்கிறவரை, தாம்பரம் பக்கத்தில் குரல் போகப்போகிற எந்த மனுஷரும் அந்தக் கடைசி நாளில் தன் குரலைத் தானே தனியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கிரேஸ்